பிழைப்புக்கும் நிவாரணம் வேண்டும்



வெள்ள நிவாரணம் என்றாலே நம் ஊரில் வீட்டுக் கணக்குத்தான். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த பெருமழைக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மாநில அரசு தலா 700 ரிங்கிட் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் இங்கே பி. ரம்லி சாலை, சுங்கை பினாங்கு பக்கமுள்ள பல வீடுகள் வெறும் வீடுகளல்ல. கூடத்தில் தையல் இயந்திரம் ஓடும். அடுப்படியில் விடியற்காலை நாசி லெமாக் பொட்டலம் கட்டுவார்கள். சேற்றைக் கழுவி, மெத்தை வாங்கவே பணம் தீர்ந்துவிடும். தண்ணீர் புகுந்த மோட்டாருக்கும் ஊறிப்போன மாவு மூட்டைக்கும் யார் கொடுப்பார்? உரிமம் இல்லாமல் வீட்டிலேயே தொழில் செய்யும் பெண்களின் நட்டத்தை எழுத நிவாரணப் பாரத்தில் இடமே இருப்பதில்லை.

இப்படிச் சிறு பிழைப்புகள் விடுபடுவது புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் கரையில் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு படகு கொடுத்தன. தேவைக்கு மேல் படகுகள் குவிந்தன. கூடை சுமந்து மீன் விற்ற பெண்களும் விவசாயக் கூலிகளும் பின்வரிசையில் நின்றார்கள். படகைப் படம் பிடிக்கலாம், கூடையை யார் படம் பிடிப்பார்!

அரசின் சிறுதொழில் நிதி நிறுவனமான தெக்குன் வழி இந்தியத் தொழில்முனைவோருக்கு ஸ்பூமி என்ற கடன் திட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ஏற்கெனவே தவணை கட்டுகிறவருக்கு அது இன்னொரு கடன், அவ்வளவே. கிராமச் சமூக நிர்வாக மன்றங்கள் மழைக்காலத்துக்கு முன்பே, உரிமம் கேட்டு மிரட்டாமல், வட்டாரத்தில் யார் என்ன தொழில் செய்கிறார் என்று பதிந்து வைக்கட்டும். வெள்ளம் வடிந்ததும் கருவிக்கும் சரக்குக்கும் சிறு மானியம் தரலாம். பழைய தவணைகளையும் சில மாதம் தள்ளி வைக்கலாம்.

வாசகர்,
டத்தோ கிராமாட், பினாங்கு