கொக்கியில் மாட்டிய மனசு

பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தை விரித்துக்கொண்டு, "அம்மா, 'ஆன் டென்ட்டர்ஹுக்ஸ்'னா என்னம்மா?" என்று கேட்டால், சமையற்கட்டிலிருந்தே பதில் சொல்லிவிடலாம். "என்ன ஆகுமோ, ஏது ஆகுமோன்னு தவிச்சுக்கிட்டு இருக்கிறது, கண்ணு." 'முள் மேல் நிற்கிற மாதிரி இருக்கு' என்கிறோமே, அதேதான். பரீட்சை முடிவு வரும் நாள் காலையில் வீடே அப்படித்தானே இருக்கும்!

இதை 'டெண்டர்' என்று எழுதி, மென்மை என்று பொருள் கொள்பவர்கள் ஆங்கிலேயர்களிலேயே உண்டு. அது தவறு. இது துணியோடு சம்பந்தப்பட்ட சொல். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த பல்லடத்துப் பெண்களுக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதியே வேண்டாம்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கம்பளித் துணியை நெய்த பிறகு, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தண்ணீரில் போட்டு அடிப்பார்கள். துணி சுருங்கித் தடிக்கும். அப்படியே விட்டால் கோணல்மாணலாகக் காய்ந்துவிடும். ஆகவே வெட்டவெளியில் நீளமான மரச்சட்டங்களை நட்டு, வளைந்த ஆணிகளை வரிசையாக அடித்து, துணியின் ஓரங்களை அவற்றில் மாட்டி விறைப்பாக இழுத்து உலர்த்துவார்கள். சட்டத்தின் பெயர் டென்ட்டர். ஆணிகளின் பெயர் டென்ட்டர்ஹுக்ஸ். 'இழு' என்று பொருள்படும் லத்தீன் சொல்தான் இதற்கு மூலம். நாம் தினம் பத்துத் தடவை சொல்கிற 'டென்ஷன்' கூட அதே வேரில் முளைத்ததே. மனசு படும் பாட்டை இந்தக் கொக்கிகளோடு சேர்த்து, டோபியாஸ் ஸ்மாலெட் தம்முடைய நாவலில் 1748-லேயே எழுதியிருக்கிறார்.

மரச்சட்டம் போய்விட்டது, ஆனால் அந்த வேலை போகவில்லை. பல்லடத்துக்குப் பக்கத்திலே திருப்பூரில் 'ஸ்டென்டர்' என்ற இயந்திரம் செய்வது அதைத்தான். ஓடும் சங்கிலியில் உள்ள ஊசிகள் ஈரத்துணியின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொள்ள, துணி சூடான அறைகளுக்குள் புகுந்து, அகலம் மாறாமல் உலர்ந்து வெளியே வருகிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. துணியை அளவோடுதான் இழுக்க வேண்டும். பேராசைப்பட்டு அதிகம் இழுத்து, நீளத்தைக் கூட்டி விற்றவர்களும் இருந்தார்கள். அதைத் தடுக்க இங்கிலாந்தில் 1597-இல் சட்டமே போட வேண்டியிருந்தது! அளவு மீறி இழுத்த பனியன் துணி, முதல் சலவையிலேயே சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மனசும் அப்படித்தான். கொஞ்ச நேரத் தவிப்பு யாரையும் ஒன்றும் செய்யாது. நாள் கணக்கில் இழுத்தால் தூக்கம் போகும், பசி மந்திக்கும், தலைவலியும் கழுத்துவலியும் வரும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முதல் சில நாட்கள் அழுகையும் படபடப்பும் வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேலும் அது தணியாவிட்டால், 'எல்லாம் சரியாப் போயிடும்' என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

துணிக்கு ஒரு பாக்கியம் உண்டு. காய்ந்த உடனே கொக்கியிலிருந்து கழற்றிவிடுவார்கள். மனுஷியை அப்படிக் கழற்றிவிட ஆள் வேண்டாமா? பெண் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறமுங்க" என்று எழுந்து போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். மாதம் இரண்டாகும், பதில் வராது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெண்ணைப் பெற்றவள் எட்டிப் பார்ப்பாள். அந்தப் பெண்ணோ, வேறு வரனையும் பார்க்க முடியாமல், வேலைக்குப் போகவும் ஓடாமல் மாட்டிக்கொண்டிருப்பாள். "வேண்டாமுங்க" என்று ஒரு வார்த்தை வந்தால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அன்றோடு கொக்கி கழன்றுவிடும்.

நைட் ஷிப்டில் நேரமானால் வீட்டுக்கு ஒரு போன், வாங்கிய கடனுக்குத் தவணை சொல்லும்போது ஒரு நிச்சயமான தேதி, டாக்டரிடம் போய்வந்த மாமியாருக்கு அவர் சொன்னதை மறைக்காமல் ஒரு விளக்கம். இவை சின்ன விஷயங்கள்தான், சகோதரிகளே. நமக்காகக் காத்திருப்பவரின் கொக்கி நம் கையில்தான் இருக்கிறது.

இன்று அப்படி யாராவது நம் பதிலுக்காகக் காத்திருக்கிறார்களா? படுக்கப் போகுமுன் சொல்லிவிடுங்கள்.