கேஷைத் துடைக்க வேண்டியது யார்?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது விண்டோசும் அல்ல, லினக்ஸும் அல்ல. மதர்போர்டில் ஒரு சின்னச் சிப்பில் குடியிருக்கும் ஃபர்ம்வேர். பழைய பிசிகளில் அதற்குப் பயாஸ் என்று பெயர், இப்போது யூஇஎஃப்ஐ. ஆர்ம் போர்டுகளில் பெரும்பாலும் யு-பூட். மெமரியை எழுப்பி, கர்னலைத் தூக்கி ராமில் வைத்து, "இனி உன் பாடு" என்று ஒரு ஜம்ப் போட்டுவிட்டு இந்த ஆசாமி ஒதுங்கிக்கொள்வார். அந்த ஜம்ப் நடக்கும் நொடியில் பிராசசரின் கேஷ் என்ன நிலையில் இருந்தது? கேட்க அற்பமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொன்னவர்கள் பல ராத்திரி தூக்கம் தொலைத்திருக்கிறார்கள்.

கேஷ் என்றதும் காசு நினைவுக்கு வந்தால் அதுவும் நல்லதுதான் :-) மளிகைக்கடைக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் பேரேட்டைப் புரட்டுவதில்லை. கைக்கு எட்டும் சிட்டையில் கிறுக்கிவைத்து, அப்புறம் பேரேட்டில் ஏற்றுவார். ராம்தான் பேரேடு, கேஷ் சிட்டை. சிட்டையில் இருந்து இன்னும் பேரேட்டுக்குப் போகாத வரிக்கு 'டர்ட்டி' என்று பெயர். பேரேட்டில் ஏற்றுவது 'க்ளீன்'; சிட்டையைக் கிழித்துப் போடுவது 'இன்வேலிடேட்'. இரண்டும் வேறு வேறு வேலை. ஏற்றாமல் கிழித்தால் கணக்கு போச்சு.

இப்போது கடை கைமாறுகிறது. கேஷ் ஆனில் இருக்கும்போதே ஃபர்ம்வேர் கர்னலை ராமில் எழுதியது. கொஞ்சம் சிட்டையிலேயே தங்கிவிட்டது. ஆர்ம் பிராசசரில் எம்எம்யு ஆஃப் ஆன நிலையில் டேட்டா படிப்பு கேஷைத் தாண்டி நேராக ராமுக்குப் போகும். ஆக, புதிதாக வந்த கர்னல் பேரேட்டைத் திறந்தால் அங்கே பழைய குப்பை. இதையாவது சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். இன்னொரு வகை மோசம்: கர்னல் ராமில் தன் கணக்கை ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கும்போது, ஃபர்ம்வேர் விட்டுப்போன ஒரு டர்ட்டி வரி சாவகாசமாகக் கேஷிலிருந்து வெளியேறி, கர்னல் எழுதியதன் மேலேயே உட்கார்ந்துவிடும். பத்து முறை நன்றாக பூட் ஆகும், பதினோராவது முறை தொங்கும். எங்கே என்று பார்க்க ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்தால் பிழை காணாமல் போகும். எடுத்தால் திரும்ப வரும். பேய் ஓட்டுபவரிடம்தான் போக வேண்டும்.

இதற்கு லினக்ஸின் ஆர்ம் பிரிவு எழுத்துமூலமாகவே நிபந்தனை போட்டிருக்கிறது. ரஸ்ஸல் கிங் 2002இல் எழுதிய பூட்டிங் ஆவணம் சுருக்கமானது: எம்எம்யு ஆஃப், டேட்டா கேஷ் ஆஃப், இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷ் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். 64 பிட் ஆர்முக்கான பூட்டிங் ஆவணம் இன்னும் கறார். கர்னல் இமேஜ் இருக்கும் முகவரிப் பரப்பு முழுவதும் மெமரி வரைக்கும் க்ளீன் செய்யப்பட்டிருக்க வேண்டும். சிஸ்டம் கேஷ் இருந்தால் அதை முகவரி வாரியாகச் செய்ய வேண்டும். செட், வே எண்களைச் சொல்லி கேஷின் ஒவ்வொரு அறையாகத் துடைப்பது பெரும்பாலும் போதாது. ஏனென்றால் அந்தக் கட்டளை ஒரு பிராசசரின் சொந்தக் கேஷ்களைத்தான் தொடும். வெளியே இருக்கும் சிஸ்டம் கேஷுக்கு அது கேட்கவே கேட்காது. "எல்லாவற்றையும் துடைத்தாயிற்று" என்று நினைக்கும் பூட்லோடர் உண்மையில் தன் அறையை மட்டும் கூட்டியிருக்கிறது.

இந்தக் கறாருக்கு விலையும் உண்டு. 32 பிட் ஆர்மில் நடக்கும் கூத்தைப் பாருங்கள். யு-பூட் கேஷை அணைத்துவிட்டு ஜம்ப் செய்கிறது. கர்னலின் முன்னால் ஒட்டியிருக்கும் டீகம்ப்ரஸ்ஸர், கேஷ் இல்லாமல் விரித்தால் விடிந்துவிடும் என்பதால் அதை மறுபடி ஆன் செய்கிறது. விரித்து முடித்ததும் க்ளீன் செய்து அணைக்கிறது. பிறகு உண்மையான கர்னல் வந்து இன்னொரு முறை ஆன் செய்கிறது. வீண் வேலை என்று சிரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் கணக்கு முடிந்துதான் அடுத்தவர் உள்ளே வருகிறார்.

எக்ஸ்86 பக்கம் கதை வேறு. இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷையும் டேட்டா கேஷையும் ஹார்டுவேரே ஒத்திசைத்துவிடும். கேஷை ஆனிலேயே வைத்துக் கைமாற்றுவதுதான் அங்கே வழக்கம். சௌகரியம்தான். ஆனால் எந்த முகவரிப் பரப்பைக் கேஷில் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்ற பட்டியலை ஃபர்ம்வேர் எம்டிஆர்ஆர் என்ற ரெஜிஸ்டர்களில் எழுதிவிட்டுப் போகிறது. வருகிறவர் அதைப் பெரும்பாலும் அப்படியே நம்புகிறார். 4 ஜிபி ராம் சாதாரணமாகத் தொடங்கிய காலத்தில் இந்த நம்பிக்கை பல்லிளித்தது. சில பயாஸ்கள் ராமின் கடைசித் துண்டைப் பட்டியலில் சேர்க்க மறந்தன. அந்தத் துண்டில் கேஷ் கிடையாது. கர்னல் அங்கே எதையாவது வைத்தால் புத்தம்புது கம்ப்யூட்டர் மாட்டுவண்டியாகிவிடும். திட்டு விழுந்தது லினக்ஸுக்கு. 2008இல் கர்னலே பட்டியலைச் சரிபார்த்து, "பயாஸ் பிழை" என்று பெயர் சொல்லி எச்சரித்து, அந்தத் துண்டை ஒதுக்கிவைக்கத் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கிய ராமில் கொஞ்சம் போனது, வேகம் திரும்பியது.

அடுத்த வருடமே இன்னும் பெரிய ஓட்டை வெளியே வந்தது. ஃபர்ம்வேர் தனக்கென்று எஸ்எம்எம் என்ற ரகசிய அறையை வைத்திருக்கிறது. அதன் மெமரியைச் சிப்செட் பூட்டிவிடும், ஆபரேட்டிங் சிஸ்டத்தால் தொட முடியாது. 2009 மார்ச்சில் லோயிக் டுஃப்லோ ஒரு பக்கமும், ரஃபால் வோய்ச்சுக், யோவானா ருட்கோவ்ஸ்கா இருவரும் தனியாக இன்னொரு பக்கமும் காட்டியது இதுதான்: அந்த முகவரியைக் கேஷில் வைக்கலாம் என்று எம்டிஆர்ஆரை மாற்றிவிட்டு அங்கே எழுதினால், எழுத்து பூட்டிய ராமுக்குப் போகாமல் கேஷிலேயே நிற்கும். அடுத்து எஸ்எம்எம்மை எழுப்பினால் பிராசசர் கேஷில் இருப்பதை எடுத்து ஓட்டிவிடும். பேரேட்டுக்குப் பூட்டு, சிட்டை திண்ணையில்! இன்டெலின் பிந்தைய பிராசசர்களில் இருக்கும் எஸ்எம்ஆர்ஆர் ரெஜிஸ்டர்கள் இதை அடைக்கின்றன, ஃபர்ம்வேர் அவற்றை மறக்காமல் அமைத்தால்.

தப்பு ஃபர்ம்வேருடையதா, கர்னலுடையதா என்ற சண்டை ஒவ்வொரு முறையும் வருகிறது. பொதுவாக இரண்டு கட்சிக்கும் பாதி பாதி என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அது சரியல்ல. எம்டிஆர்ஆரைக் கர்னல் படித்துப் பார்க்க முடியும். ஆகவே பார்க்காமல் நம்பினால் குற்றம் கர்னல் மீது. டர்ட்டி வரி விஷயம் அப்படியல்ல. உள்ளே வந்த பிறகு கர்னல் க்ளீன் செய்தால், தான் எழுதியது அழியலாம். இன்வேலிடேட் செய்தால், தன் உடம்பின் ஒரு பகுதியே தொலையலாம். முன்பு இருந்தவர் மிச்சம் வைத்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. எனவே அந்த வேலை முழுக்க முழுக்கக் கொடுப்பவருடையது. "எங்கள் போர்டில் ஓடுகிறதே" என்பது இதற்குப் பதில் ஆகாது.

இதைக் கர்னல்காரர்கள் தங்களுக்கும் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 2005இல் கெக்ஸெக் வந்தபின் ஒரு லினக்ஸ் இன்னொரு லினக்ஸை நேரடியாக பூட் செய்யலாம். நேற்றைய மருமகள் இன்று மாமியார். 2023இல் வந்த 6.3 பதிப்பில் 64 பிட் ஆர்ம் கர்னல் கொஞ்சம் இளகியது: யூஇஎஃப்ஐ வழியாக வந்தால் எம்எம்யுவும் கேஷும் ஆனில் இருக்கும்போதே உள்ளே நுழையலாம். ஆனால் அந்த வழியில் கடைசி ஜம்ப்பைப் போடுவது ஃபர்ம்வேர் அல்ல, கர்னலோடு ஒட்டிவரும் அதன் சொந்த ஸ்டப். மற்ற பூட்லோடர்களுக்குப் பழைய அதே நிபந்தனைதான்.