கண்ணேறும் கண்ணாடித் தொட்டியும்

வீட்டில் வளர்க்கும் வண்ணமீன் ஒன்று இறந்துவிட்டால், இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் காதில் தவறாமல் விழும் ஆறுதல் மொழி ஒன்றுண்டு: "வீட்டுக்கு வர இருந்த கெட்டதை மீன் வாங்கிக்கொண்டது." கண்ணேறு என்பார் சிலர், வாஸ்துக் குறை என்பார் சிலர். எதுவாயினும் அடுத்து நடப்பது ஒன்றே. வரும் ஞாயிற்றுக்கிழமை கடைக்குச் சென்று, அதே நிறத்தில் இன்னொரு மீனைப் பாலிதீன் பையில் வாங்கிவந்து, அதே தொட்டியில் அதே நீரில் விடுவார்கள். சில நாள்களில் அதுவும் இறக்கும். அதுவும் எதையோ வாங்கிக்கொண்டதாகவே கொள்ளப்படும்.

இந்நம்பிக்கையை எள்ளுவதற்காக நாம் இதை எழுதவில்லை. இழப்பின் முன் மனிதர் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்களுக்கு ஒரு தேவை உண்டு. தொட்டியின் முன் அழுதுகொண்டு நிற்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு ஏதேனும் சொல்லத்தான் வேண்டும். எனினும் மீன் எதனால் இறந்தது என்னும் கேள்வியை இவ்வாறுதல் எழவிடுவதில்லை. கேள்வி எழாத வீட்டில் அடுத்த மீனும் சாகிறது. மீன் நம் வீட்டுத் தீங்கை வாங்கிக்கொண்டது என்பது ஒரு பொருளில் உண்மைதான். அத்தீங்கு எங்கே இருந்தது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். அது தொட்டி நீரில் இருந்தது.

நாயோ கிளியோ நோயுற்றால் அவ்வுயிரின் உடலைப் பார்க்கிறோம். மீனைப் பொறுத்தவரை அது பாதிப் பார்வையே. மீனின் குருதிக்கும் நீருக்கும் இடையில் செவுளின் மெல்லிய தோல் ஒன்றே உள்ளது. மூச்சும் அதன் வழியே. அம்மோனியாவாக வெளியேறும் கழிவின் பெரும்பகுதியும் அதன் வழியே. அக்கழிவை ஆறு அடித்துச் சென்றுவிடும். கண்மாயில் அது கரைந்து பரவிவிடும். இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில் அது எங்கே போகும்? தின்னாமல் மிஞ்சிய இரையும் அழுகி அதனோடு சேர்கிறது. மீன் தன் கழிவுக்குள்ளேயே மூச்சுவிடுகிறது.

இந்த நஞ்சை மாற்றுவன நுண்ணுயிர்கள். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அத்துணைக் கேடில்லாத நைட்ரேட்டாக்கும். இவை கூழாங்கற்களிலும் ஃபில்டரின் பஞ்சிலும் குடியேறித் தழைக்க நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். நாமோ காலையில் தொட்டி வாங்கி மாலையில் பத்து மீன்களை விட்டுவிடுகிறோம். போதாக்குறைக்கு நம் பக்கத்துக் கோடை வேறு. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நீர் சூடேற ஏற அம்மோனியாவின் நச்சுத்தன்மையோ கூடும். காரத்தன்மை மிக்க போர் தண்ணீரில் இன்னும் கூடும். இந்நிலையில் இரவில் மின்சாரம் நின்று ஏர் பம்ப் ஓய்ந்தால், விடியலில் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாய்பிளந்து நிற்பதற்குக் கண்ணேறு தேவையில்லை.

இறந்த மீனின் கதையை விசாரித்தால் பெரும்பாலும் ஒரு வாக்கியம் வரும்: "முந்தாநாள்தான் தொட்டியை நன்றாகக் கழுவினோம்." நன்றாகக் கழுவுவது என்றால், நீர் முழுவதையும் கொட்டி, கற்களைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, மீண்டும் குழாய்நீரை நிரப்புவது. வீடு கழுவுவதில் நமக்குள்ள அக்கறை புகழத்தக்கதே. ஆனால் தொட்டியில் அது எதிர்விளைவைத் தருகிறது. குழாய்நீரிலுள்ள குளோரின் செவுளைப் புண்ணாக்குகிறது. வாரக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியாக் குடியிருப்பையும் அழிக்கிறது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அந்நீர் மீனுக்கு வெறும் பாலை. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு நாள் வாளியில் திறந்துவைத்துக் குளோரின் போன நீரை ஊற்றுவதும், பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுவதும் போதும். இதற்குப் பணம் வேண்டா, ஒழுங்கு வேண்டும்.

நோயென்று வந்துவிட்டால் என்ன செய்வது? நம் தொட்டிகளில் அடிக்கடி காணப்படும் வெண்புள்ளி நோயையே சான்றாகக் கொள்வோம். மீனின் உடலிலும் துடுப்பிலும் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். இதற்குக் காரணமான ஒருசெல் உயிரிக்கு 1876இல் இடப்பட்ட அறிவியற் பெயர் இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ். பிறமொழிச் சொற்களைப் பிரித்துப் பொருள்கொண்டால், 'பல பிள்ளைகள் பெற்ற மீன்பேன்' என்றாகும். பெயரிட்டவர் காரணத்தோடுதான் இட்டிருக்கிறார். மீனின் தோலுக்குள் தங்கி உண்டு பருக்கும் இவ்வுயிரி, முதிர்ந்ததும் மீனைவிட்டு உதிர்ந்து தொட்டியின் அடியில் படியும். அங்கே உறையொன்றை அமைத்துக்கொண்டு பலநூறாகப் பிளவுபடும். உறை உடைந்ததும் அத்தனை பிள்ளைகளும் நீந்தி வெளியேறி, ஓரிரு நாள்களுக்குள் ஒரு மீனைக் கண்டடைய வேண்டும், இல்லையேல் மடியும். 25 டிகிரி வெப்பத்தில் இச்சுற்று முழுவதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மருந்து தாக்குவது நீரில் நீந்தும் பிள்ளைகளை மட்டுமே. தோலுக்குள் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் அது தொடுவதில்லை. புள்ளிகள் மறைந்ததும் நோய் தீர்ந்ததென்று மகிழ்ந்து மருந்தை நிறுத்துகிறோமே, அந்த நாளில்தான் நோய் தொட்டியின் அடியில் அமர்ந்து பெருகிக்கொண்டிருக்கிறது. ஒரு வாரம் கழித்து முன்னிலும் பன்மடங்காகத் திரும்பி வரும்போது, "மருந்து வேலை செய்யவில்லை" என்கிறோம். மருந்து வேலை செய்தது. நாம்தான் இடையில் எழுந்துபோய்விட்டோம். புள்ளிகள் மறைந்த பின்னரும் சில நாள்கள் மருந்தைத் தொடர்வதே இந்நோய்க்குரிய மருத்துவம்.

மருந்தில் எளியது கல் உப்பு. நன்னீர் மீனின் உடல், அது வாழும் நீரைவிட உப்புச்செறிவு மிக்கது. ஆகவே நீர் ஓயாமல் செவுள்வழி உள்ளே புகுந்துகொண்டேயிருக்கும். சிறுநீரகம் ஓயாமல் அதை வெளியே தள்ளிக்கொண்டேயிருக்கும். நோயுற்ற மீனுக்கு இவ்வுழைப்பே சுமை. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை உப்பைத் தனியே கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் அச்சுமை குறையும். செதிலற்ற கெளுத்தி வகைகளும் நீர்ச்செடிகளும் உப்பைப் பொறுக்கமாட்டா என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நோயுற்றதைத் தனி வாளியில் வைத்து, அங்கும் காற்றுக்குழாயை இட்டு மருந்து கொடுப்பது நன்று.

இதற்கு மாறாக, மருந்துக்கடையில் வாங்கிய டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் குளிகையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. என்ன நோய் என்றே தெரியாமல் செய்யப்படும் இக்காரியம், ஒருசெல் உயிரியாலோ அம்மோனியாவாலோ வாடும் மீனுக்கு எவ்வகையிலும் உதவாது. நல்ல பாக்டீரியாக்கள் அழிகின்றன. தொட்டி நீர் சாக்கடைக்குப் போகும்போது, மருந்துக்கு அசையாத கிருமிகள் உருவாகும் வாய்ப்பையும் உடன் கொண்டுபோகிறது. உலகின் காயங்களுக்குக் கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டியை அருகில் வைத்திருப்பவர்கள் நாம். மருந்து எப்போது மருந்தாகும், எப்போது ஆகாது என்னும் எண்ணம் நமக்கு அந்நியமாக இருத்தலாகாது.

இனி, மருந்துக்கும் முந்தியதான ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். பறவை தொட்டும், ஆமை நினைந்தும், மீன் நோக்கியும் தம் முட்டைகளைப் பொரிக்கும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. தீக்கை வகைகளை விளக்கச் சைவ மரபு இவ்வுவமையைக் கையாள்கிறது. மதுரை அம்மைக்கு மீனாட்சி என்னும் பெயர் வந்ததற்கும் இவ்விளக்கம் சொல்லப்படுவதுண்டு. விலங்கியல் இதை ஏற்காது. ஆயினும் காப்பது என்பதன் முதற்செயல் நோக்குவதே என்னும் உண்மை இவ்வுவமைக்குள் இருக்கிறது. ஒரே கண்ணுக்குக் கெடுக்கும் ஆற்றலையும் காக்கும் ஆற்றலையும் ஏற்றிச்சொன்ன மரபு நம்முடையது. நாம் கண்ணேற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீன்நோக்கை மறந்துவிட்டோம்.

இரை போடும் இரண்டு நிமிடம் தொட்டியின் முன் நின்று பார்த்தாலே நோயின் தொடக்கம் தெரிந்துவிடும். துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்குவது, கல்லில் உடலை உரசுவது, இரையை வாயில் வாங்கித் துப்புவது, செவுள் விரைந்து துடிப்பது ஆகிய யாவும் மீன் சொல்லும் சொற்கள். வயிறு வீங்கிச் செதில்கள் எழுந்து நிற்கும்போது நாம் கவனிக்கத் தொடங்கினால், பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

சில நோய்கள் நீரிலிருந்தும் வருவதில்லை; நம் இரசனையிலிருந்து வருகின்றன. இதைப் புரிந்துகொள்ள இராஜபாளையத்தார் வெகுதூரம் போக வேண்டா. 2005இல் இந்திய அஞ்சல்துறை தலை வெளியிட்டுச் சிறப்பித்த இராஜபாளையம் நாயினத்தில், பால்வெண்மைக்காகவே தேர்ந்து தேர்ந்து பெருக்கியதன் விளைவாகச் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை நாய் வளர்ப்போர் அறிவர். தங்கமீனின் கதையும் இதுதான். சீனத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மங்கிய நிறக் கெண்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இம்மீன், உருண்டை வயிறும் குறுகிய முதுகும் அழகென்று கருதப்பட்டதால், குடலும் காற்றுப்பையும் நெருக்குண்ட உடலைப் பெற்றது. அது தலைகீழாக மிதப்பதற்கு நாம் மருந்து தேடுகிறோம். பத்தாண்டுக்கு மேலும் வாழவல்ல அம்மீனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, இரண்டு மாதம் இருந்தால் நெடுநாள் இருந்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

"மனிதருக்கே மருத்துவம் எட்டாத நாட்டில் மீனுக்கு மருத்துவமா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நாம் கேட்பது செலவன்று, கவனம். விலைகுறைந்த உயிர் என்பதால் வலி குறைந்த உயிர் ஆகிவிடாது. வானவில் டிரௌட் மீனின் முகத்தில் ஊறுணரும் நரம்புமுனைகள் இருப்பதை லின் ஸ்னெட்டன் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்டனர்; உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் அதைச் சரளைக்கல்லில் தேய்த்துக்கொண்டன. மீனின் வலி நம் வலி போன்றதுதானா என்னும் விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால் மனிதன் நீங்கலான எவ்வுயிரும் விலங்கே என்று வரையறுத்த 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மீனை விலக்கிவைக்கவில்லை. மீன்தொட்டிக் கடைகளுக்கென 2017இல் மைய அரசு வெளியிட்ட விதிகள் வணிகர்களின் எதிர்ப்புக்குள்ளாகி அதே ஆண்டிலேயே திரும்பப்பெறப்பட்டன. அவ்விதிகளில் மிகை இருந்திருக்கலாம். ஆனால் விதி போய்விட்டது என்பதால் கடமையும் போய்விடவில்லை.

தப்பாது என்று தெரிந்த மீனை என்ன செய்வது? கழிப்பறையில் உயிரோடு ஊற்றுவது கொடுமை. கிராம்பு எண்ணெயைச் சிறிது நீரில் நன்கு கலக்கி, போதிய அளவில் மீனிருக்கும் பாத்திரத்தில் சேர்த்து, உணர்விழக்கச் செய்து வலியின்றி முடிப்பது வளர்ப்போர் பலரும் கைக்கொள்ளும் முறை. 'எங்கேயாவது பிழைத்துப் போகட்டும்' என்று கண்மாயிலோ திருமுக்குளத்திலோ விட்டுவிடுவது அருளன்று. நோயுற்ற மீன் நோயைப் பரப்பும்; நலமான அயல்மீன் குலத்தைப் பரப்பும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று எந்தக் கண்மாயில் இல்லை? தொட்டியைச் சுத்தம் செய்யுமென்று வாங்கப்படும், தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் தமிழகத்து நீர்நிலைகளில் புகுந்து வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலையிலிருந்து இறங்கும் ஓடைகளுக்கு அருகில் வாழும் நமக்கு, இதில் மற்றவரைவிடப் பொறுப்பு மிகுதி.

ஆண்டாளின் திருப்பாவையில் மூன்றாம் பாசுரம் மழை பொய்க்காத நாட்டின் வளத்தைச் சொல்லும்போது, ஓங்கிய செந்நெற்பயிர்களின் ஊடே கயல்கள் துள்ளுவதைச் சொல்கிறது. பழந்தமிழ்ப் பாட்டில் மீன் துள்ளினால் அந்நாட்டின் நீர் நலமாக இருக்கிறது என்று பொருள். மீன் நீருக்குச் சாட்சி. அச்சாட்சியைக் கண்ணாடிக்குள் அடைத்து நம் கூடத்தில் வைத்த பின்னும் அது சாட்சி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. தொட்டி வாங்கும் குழந்தைக்கு மீனின் பெயரோடு நீரைப் பற்றியும் சொல்லிக்கொடுப்போம். அடுத்த மீனை வாங்கும் முன் நீரைச் சரிசெய்வோம்.