பழைய காருக்கு மாலை, பழைய லாரிக்கு உலை

பெரிய நகரங்களில் அவ்வப்போது பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. ஒரு காலத்தில் ராஜாக்களும் ஜமீன்தார்களும் மில் முதலாளிகளும் ஏறி இறங்கிய கார்கள். பித்தளை விளக்கைத் துலக்கி, மெருகேற்றி, மாலை போட்டு வரிசையாக நிறுத்துகிறார்கள். பெரிய மனிதர்கள் கொடி அசைக்கிறார்கள். பத்திரிகைகள் படம் போடுகின்றன. நல்லது. பழைய யந்திரத்தைப் பேணிக் காப்பதில் நமக்கு விரோதம் ஒன்றுமில்லை. அந்தக் காரை ஓட வைத்ததும் ஏதோ ஒரு பட்டறைத் தொழிலாளியின் கைதான்; படத்தில் அவன் முகம் விழுவதில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் பழைய லாரி என்று வந்துவிட்டால் இந்த நாட்டின் நியாயம் தலைகீழாக மாறிவிடுகிறதே, அது ஏன்?

2021 ஜூலையில் மத்திய சர்க்கார் ஒரு விதி போட்டது. ஐம்பது வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் ‘விண்டேஜ்’ வண்டிகள். அவற்றுக்குத் தனி நம்பர். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். அதே வருஷம் ஆகஸ்ட் 13-ம் தேதி இன்னொரு கொள்கையைப் பிரதமர் துவக்கி வைத்தார்: பழைய வண்டிகளை உடைக்கும் கொள்கை. சரக்கு லாரிக்குப் பதினைந்து வயதானால் அது சந்தேகத்துக்குரிய பேர்வழி. அக்டோபரில் வெளியான அறிவிப்பு, அந்த வயது தாண்டிய கனரக லாரிக்குத் தகுதிச் சான்று, அதாவது நாம் எஃப்.சி. என்று சொல்லும் காகிதம், புதுப்பிக்க 12,500 ரூபாய் என்று எழுதியது. 2025 நவம்பரில் வந்த திருத்தம் இருபது வயது தாண்டிய கனரக லாரிக்கு 25,000 ரூபாய் என்றது. எட்டு வயது தாண்டிய லாரிக்கு எஃப்.சி. வருஷா வருஷம் எடுக்க வேண்டும் என்பதை மோட்டார் தொழிலில் உள்ள எல்லோரும் அறிவார்கள். கார்ப் பிரியர் பத்து வருஷத்துக்குக் கட்டுவதை விட, கரும்பு ஏற்றுகிற லாரிக்காரன் ஒரே வருஷத்துக்கு அதிகமாகக் கட்ட வேண்டும்!

அது பதிவுக் கட்டணம், இது சோதனைக் கட்டணம், இரண்டும் வேறு தலைப்பு என்று வாதிப்பார்கள். சரி. வண்டியை உடைக்கக் கொடுத்தால் கிடைக்கும் சலுகையைப் பார்ப்போம். அடுத்த வண்டி வாங்கும்போது சாலை வரியில் சொந்தக் காருக்கு 25 சதவீதம் வரை தள்ளுபடி. தொழில் வண்டிக்கு 15 சதவீதம் வரை. பிழைப்புக்காக ஓட்டுகிறவனுக்குக் குறைச்சல். சவாரி போகிறவருக்குக் கூடுதல். இதற்கு எந்தத் தலைப்பில் சமாதானம் சொல்வார்கள்?

இந்தப் பழைய லாரிகள் யாருடையவை? பெரிய கம்பெனிகள் புது லாரியை வாங்கி, வடநாட்டு ஓட்டத்தில் விட்டு, கடன் தீர்ந்ததும் தள்ளிவிடும். அதை வாங்குகிறவன் ஜில்லாவுக்குள் ஓட்டுகிறான். அவனிடமிருந்து மூன்றாவது கைக்கு வரும்போது லாரி கிழடாகிவிடும். அந்த மூன்றாவது கை பெரும்பாலும் நேற்று வரை டிரைவராக இருந்தவனுடைய கை. மனைவியின் தாலிக்கொடியை விற்று, பைனான்ஸ்காரனிடம் மீதியை வாங்கி, ‘நமக்கும் ஒரு வண்டி’ என்று நிமிர்ந்தவன் அவன். செங்கல், கரும்பு, வைக்கோல், தேங்காய், கோடையில் தண்ணீர் இவற்றையெல்லாம் சுமப்பது இந்த வண்டிகள்தான். கரும்பு வெட்டுகிற விவசாயத் தொழிலாளி தன் கட்டை ஏற்றி அனுப்பும் லாரியின் வயதைப் பார்த்திருப்பார்.

இந்த லாரிகளின் வம்சத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் துவங்கியபோது அங்கே பூட்டியது ஆஸ்டின் கார். பிறகு இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனியோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, காமெட் லாரி வந்தது. 1955-ல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்டு ஆயிற்று. வடக்கே ஜாம்ஷெட்பூரில் 1954-ல் ஜெர்மானிய பென்ஸ் கம்பெனியின் கூட்டில் டாடா லாரி பிறந்தது. 1969-ல் அந்தக் கூட்டு முடிந்து, மூக்கில் இருந்த நட்சத்திரம் போயிற்று. ஆனாலும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வெகுகாலம் டாடா லாரியைப் ‘பென்ஸ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கம்பெனியிலிருந்து வந்தது வெறும் சேசிஸும் இஞ்சினும் முகப்பும்தான். டிரைவர் உட்காரப் பலகை அடித்து, மரச்சட்டம் பூட்டி, தகடு போர்த்தி, பாடி கட்டியது நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கத்துத் தச்சரும் டிங்கரும் பெயிண்டரும். ஆகவே ரோட்டில் ஓடிய லாரியில் பாதி, பட்டறைத் தொழிலாளியின் சொந்தச் சிருஷ்டி.

அப்படிப்பட்ட பட்டறை ஒன்றில் சென்ற மாதம் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பெரிய இடமல்ல. நான்கு தூண், ஒரு தகரக் கூரை, வேப்பமரத்தில் ஒரு செயின் கப்பி. இருபது வயது தாண்டிய லாரி ஒன்று வயிறு திறந்து கிடந்தது.

மேஸ்திரி முதலில் தொட்டது இஞ்சினை அல்ல, சேசிஸை. சின்னச் சுத்தியலால் ரிவிட்டு ரிவிட்டாகத் தட்டிக் காது கொடுத்தார். இறுகிய ரிவிட்டு கணீர் என்கிறது, தளர்ந்தது மொத்தென்கிறது. ஸ்பிரிங் தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல் ஒன்றைக் காட்டினார். கண்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் சூட்டில் இரும்பு வலுவிழந்து பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடுமாம். பட்டை வைத்துப் போல்ட் அடிக்க வேண்டும்.

பிறகு இஞ்சின். கழற்றுவதற்கு முன்பே புகையைப் பார்த்து நோயைச் சொல்லிவிட்டார். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கும் லைனரும் தேய்ந்தன. கறுப்பாக வந்தால் டீசல் கூடுதல், காற்று குறைச்சல்; நாசிலையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். வெள்ளையாக வந்து நிற்காவிட்டால் எரியாத டீசல், அல்லது ஹெட்டில் தண்ணீர் இறங்குகிறது. எந்த ஆஸ்பத்திரியில் இவ்வளவு சீக்கிரம் ரோகம் சொல்கிறார்கள்? இந்த லாரியின் புகை நீலம். லைனரைத் தட்டி எடுத்துப் புதிது இறக்கலாம், பிஸ்டன் மாற்றலாம், கிராங்கைக் கடைசலுக்கு அனுப்பி, அளவு குறைந்த பேரிங் போடலாம். பிளாக்கு பழுதில்லையென்றால் இஞ்சினுக்கு மறுபிறவி. ரிங் பிரேமையும் கார்டிங் மிஷினையும் தலைமுறைக் கணக்கில் ஓட வைக்கும் நம் மில் பிட்டர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தேய்கிற உறுப்பைத் தேடி மாற்றினால் தேயாத உறுப்பு நூறு வருஷம் நிற்கும்.

“எத்தனை வருஷம் ஓடும், அண்ணே?” என்று கேட்டேன்.

“அது ஓட்டறவனைப் பொறுத்ததுங்க. ஓனரைப் பொறுத்ததும்தானுங்க” என்றார். ஓனர் பக்கத்திலேயே நின்று சிரித்தார். அவரே டிரைவரும்.

அந்த ஓனர்-டிரைவர் என்னை ஏற்றிக்கொண்டு வேறொரு பழைய வண்டியில் சிறிது தூரம் போனார். காற்று அழுத்தத்தின் முள் ஏறும் வரை வண்டியை நகர்த்தவில்லை. காற்றில்லாமல் பிரேக் இல்லை. பழைய கியர்பாக்ஸில் பல் தானாக இசையாது. கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்துக் கீழ்க்கியரில் தள்ள வேண்டும். இஞ்சினின் சப்தம்தான் அளவுகோல். தப்பினால் பல் கடிக்கும். இதை ஒரு நாளில் ஆயிரம் தடவை செய்கிறார். பக்கத்தில் இஞ்சின் மூடி அடுப்பாய்க் கொதிக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோளே வேண்டியிருக்கிறது. 2025 அக்டோபர் முதல் செய்யும் லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் பழைய லாரியின் டிரைவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

பழைய லாரிதான் விபத்துக்குக் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் எத்தனை உயிர் போயிருக்கிறது! அந்த இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழுந்து, லைனிங் காய்ந்து, மிதித்தாலும் பிடிக்காது. புது லாரிக்கும் இதே விதிதான். பிறகு ஏன் சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள்? சொட்டு டீசலை மிச்சம் பிடித்தால்தான் அன்றைய படி மிஞ்சும் என்று கணக்குப் போட்டு வைத்த ஓனர்கள் இருப்பதால். தேய்ந்த லைனிங்கை ‘அடுத்த டிரிப்பில் மாற்றலாம்’ என்று தள்ளுவதால். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதியது. எந்த லாரி டிரைவராவது எட்டு மணி நேரத்தில் இறங்கிப் படுத்ததுண்டா? தூங்காத கண்ணை விட்டுவிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் வருஷத்தை மட்டும் பார்ப்பது வேடிக்கையான சோதனை.

இப்போது புகை. இதில் நாம் மழுப்பக் கூடாது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு 2012-ல் திட்டமாக அறிவித்தது. அதை முதலில் விழுங்குகிறவர்கள் டிரைவர், கிளீனர், பட்டறைப் பையன், ரோட்டோரக் குடிசைவாசி. பழைய இஞ்சின் எவ்வளவு நன்றாக ஓவர்ஹால் செய்தாலும் 2020-ல் வந்த பி.எஸ்.-6 இஞ்சினுக்குச் சமமாகாது. ஆகவே பழைய லாரி என்றென்றும் ஓடட்டும் என்பதல்ல என் அபிப்பிராயம். பிரேக் பிடிக்காத லாரியும் கறுப்புப் புகை கக்கும் லாரியும் ஒரு நாள் கூட ரோட்டில் இருக்கக் கூடாது, அதன் வயது மூன்றானாலும் சரி.

வண்டியின் நிலையைச் சோதியுங்கள், அதற்காகத்தானே சோதனை? சோதனையில் தேறினாலும் கட்டணத்தாலேயே கழுத்தை நெரிப்பது என்ன சோதனை? உடைக்கக் கொடுத்தால் புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் பழைய இரும்பு விலையாகக் கிடைக்கும் என்பது சர்க்காரின் கணக்கு. மீதி 94 சதவீதத்துக்கு அந்த மூன்றாவது கைக்காரன் எங்கே போவான்? மறுபடி பைனான்ஸ்காரனின் வாசலுக்கு. புது லாரி விற்கிற கம்பெனிக்கு வியாபாரம், கடன் கொடுக்கிறவனுக்கு வட்டி, இவனுக்குத் தவணை. பாங்கியிலிருந்து குறைந்த வட்டிக்கு நீண்டகாலக் கடன் கொடுத்து, ஒற்றை லாரி வைத்துத் தானே ஓட்டுகிறவனுக்கு முதல் இடம் என்று ஏற்பாடு செய்தால், கிழட்டு லாரியை அவனே கொண்டுபோய் உலையில் தள்ளுவான். கொதிக்கிற இஞ்சின் மேல் அவனுக்கு என்ன காதல்?

பட்டறைத் தொழிலாளியின் பிரச்னை ஒன்று பாக்கி. புது இஞ்சினில் கம்ப்யூட்டர், சென்சார், புகைக்குழாயில் யூரியாத் திரவம். கோளாறு வந்தால் கம்பெனியின் கருவியை மாட்டினால்தான் தெரியும். புகையின் நிறம் பார்த்து ரோகம் சொன்ன கை அங்கே வெறும் கை. அந்தக் கருவியும் பயிற்சியும் கம்பெனி ஷோரூமின் ஏகபோகமாக ஏன் இருக்க வேண்டும்? ஐ.டி.ஐ.களில் மாலை வகுப்பு வைத்து, நாற்பது வயது மேஸ்திரிக்கும் கற்றுக்கொடுக்கலாமே.

இங்கிலாந்தில் பழைய சரக்கு வண்டிகளுக்கென்றே ஒரு சங்கம் 1958-ல் ஏற்பட்டது. 1962 முதல் அவர்கள் லண்டனிலிருந்து கடற்கரை ஊரான பிரைட்டனுக்குப் பழைய லாரிகளை ஓட்டிப் போகிறார்கள். லேலண்டு, போடன், ஏ.இ.சி. என்று அந்த நாட்டுச் சுமை இழுத்த வண்டிகள். லாரி பிறந்த லேலண்டு ஊரிலேயே அவற்றுக்கு ஒரு மியூசியம் இருக்கிறது. ராஜாவின் காரைப் போலவே சரக்கு லாரியும் சரித்திரம் என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இங்கே விண்டேஜ் விதியில் தொழிலுக்கு ஓடும் வண்டிக்கு இடமே கிடையாது. எண்ணூர்த் தொழிலாளி பூட்டி, திருச்செங்கோட்டுத் தச்சர் பாடி கட்டிய ஒரு காமெட்டை, ஓட்டம் முடிந்த பிறகாவது, சர்க்கார் செலவில் ஒரு பொருட்காட்சியில் நிறுத்தி வைக்கலாம். அதில் அவர்களுடைய பெயரையும் எழுத வேண்டும்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது மேஸ்திரி நாசில்களைப் பம்ப் கடைக்கு அனுப்பத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த லாரி தை மாதம் கரும்பு வெட்டுக்குப் போக வேண்டும். லைனரும் பிஸ்டனும் கடனுக்கு வந்துவிட்டன. எஃப்.சி.க்குக் கட்ட வேண்டிய பணம் மட்டும் இன்னும் சேரவில்லை.