கிளாரினெட்டுக்கு வேண்டியது சந்தனமல்ல, பழைய வேட்டித் துணி

சரஸ்வதி பூஜை வந்தால் எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில் வாத்தியக்காரர் வீடுகளில் கிளாரினெட்டுக்கு ராஜ மரியாதைதான். உடம்பெல்லாம் சந்தனம், கீ ஒவ்வொன்றின் மேலும் குங்குமம், பூச்சரம். மறுநாள் அப்படியே பெட்டிக்குள் போய்விடும். நான் வாசிக்கத் தெரிந்தவன் அல்ல. கல்யாண ஊர்வலத்திலும் சாமி புறப்பாட்டிலும் கேட்டே வளர்ந்தவன். ஆனாலும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சந்தனம் வாத்தியத்துக்குக் கெடுதல்.

சந்தனம் காய்ந்து துளையோரத்தில் படிந்தால் கீ சரியாக மூடாது. குங்குமத் தூள் கீயின் அச்சில் புகுந்தால் அது இறுகும். அதை இளக்கத் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அது நாள்பட்டுப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கீக்கு அடியில் இருக்கும் பேடில் எண்ணெய் பட்டால் பேடும் பாழ். பூஜை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். அம்பாள் ஏற்றுக்கொள்வாள்.

கிளாரினெட்டுக்கு உண்மையான எதிரி மூச்சின் ஈரம். அரை மணி வாசித்தால் உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். அதைத் துடைக்காமல் பெட்டியில் வைத்தால் பேடு ஊறிக் கிழியும், இணைப்பு மரம் உப்பிக் கழற்ற வராது, ரீடில் பூஞ்சணம் பூக்கும். பூஜை முடிந்த கையோடு ஐப்பசி மழையும் வந்துவிடும். அந்த இரண்டு மாதத்தில்தான் பாதி வாத்தியங்கள் படுக்கின்றன.

செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. வாசித்து முடித்ததும் முதலில் ரீடைக் கழற்றித் துடைத்து, அதற்கான உறையில் தட்டையாக வைக்க வேண்டும். மவுத்பீஸிலேயே விட்டுவிடக் கூடாது. பிறகு பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய மல் வேட்டித் துண்டில் நூல் கட்டி, நூல் முனையில் சிறு கனம் கட்டி, குழலுக்குள் இறக்கி இழுக்க வேண்டும். இணைப்புகளின் உட்பக்கத்தையும் துடைக்க வேண்டும். மவுத்பீஸை வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் துளி சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கொதிநீர் ஆகாது. பெரும்பாலான மவுத்பீஸ் எபோனைட்டில் செய்தது. சூட்டிலும் வெயிலிலும் கருமை போய்ப் பச்சை கலந்த பழுப்பாகிவிடும், வடிவமும் கோணும். இணைப்பில் உள்ள கார்க் காய்ந்தால் அதற்கென விற்கும் கார்க் கிரீஸைத் தடவலாம்.

வெற்றிலை போடும் வித்வான்களுக்கு ஒரு வார்த்தை. வாய் கொப்பளித்துவிட்டு வாத்தியத்தை எடுங்கள். பாக்குத் துணுக்கும் சுண்ணாம்பும் கலர் தண்ணீரின் சர்க்கரையும் மவுத்பீஸுக்குள் போய்ப் பாறையாக உறையும்.

குறையை முழுக்க வாசிப்பவர் தலையில் போடுவதும் நியாயமில்லை. நம் விழாக் கமிட்டிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? ஊர்வலம் முடிந்த நொடியே "சாப்பிட வாங்க, வண்டி கிளம்புது" என்று விரட்டுகிறார்கள். வாத்தியத்தை வெயிலில் நிற்கும் வேனில் போடச் சொல்கிறார்கள். மர வாத்தியம் அப்படித்தான் வெடிக்கிறது. பிளாஸ்டிக் குழல் வெடிக்காது என்றாலும் பேடும் ரீடும் அதற்கும் ஒன்றுதான். வாசித்தவருக்கு நிழலில் ஒரு நாற்காலியும் பத்து நிமிடமும் கொடுப்பது கமிட்டியின் கடமை என்பது என் கட்சி.

இது சின்ன விஷயம் இல்லை. ஜெர்மனியில் பிறந்த இந்தக் குழல் 19-ஆம் நூற்றாண்டிலேயே நம் சதிர்க் கச்சேரிக்குள் வந்துவிட்டது. பாலசரஸ்வதி ஆடியபோது பக்கத்தில் கிளாரினெட் ஒலித்தது. ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கச்சேரி செய்து 2008-இல் சங்கீத கலாநிதி ஆனார், 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று நம் ஊர்ப் பேண்டு செட்டில் கீபோர்டு வந்து உட்கார்ந்துகொண்டது. மிச்சமிருக்கும் கிளாரினெட் பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓட வேண்டும். அன்றைய கூலி போய், ரிப்பேர் செலவும் சேர்ந்தால் பலர் அத்தோடு வாசிப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் கிளாரினெட் கிடந்தால் இந்த வாரம் இறக்கிப் பாருங்கள். பூச்சி பேடைத் தின்றிருக்கும், கார்க் உதிர்ந்திருக்கும், அதெல்லாம் மாற்றக்கூடியவை. வீட்டில் வாசிக்க ஆள் இல்லையென்றால் கற்றுக்கொள்ளும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது ஒரு பழைய வேட்டித் துண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.