டைரக்‌ஷன் படிக்க அமெரிக்கா போகலாமா?

உத்திரமேரூர் பக்கம் ஒரு விவசாய வீட்டில், பிளஸ் டூ முடித்த பிள்ளை ‘வெளிநாட்டில் டைரக்‌ஷன் படிக்கப் போறேன்’ என்றால், முதலில் எழும் கேள்வி சினிமாவைப் பற்றியதாக இருக்காது. ‘எந்த நிலத்தை அடமானம் வைக்கிறது?’ என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் ஆசையும் புதிதல்ல. அதற்கு 90 வயது ஆகிறது.

அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துவிட்டுத் திரும்பி, தமிழில் ‘நந்தனார்’ (1935) எடுத்தவர் மாணிக்லால் டாண்டன். உடன் படித்த அமெரிக்க நண்பர் எல்லிஸ் ஆர். டங்கனையும் அவர் இங்கே அழைத்து வந்தார். ஆறு மாதம் தங்கலாம் என்று வந்த டங்கன், 15 ஆண்டுகள் இருந்துவிட்டார். டாண்டனுக்கு வந்த ‘சதி லீலாவதி’ வாய்ப்பு, அவருக்கு வேறு வேலை இருந்ததால் டங்கன் கைக்குப் போனது. 1936-ல் வெளியான அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர். அறிமுகமானார்.

டங்கனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தொழில் தெரியும். ‘மீரா’ (1945) படத்துக்காக எம்.எஸ்.சுப்புலட்சுமியின் முகத்தை பிளாஸ்டரில் சிலையாகச் செய்யவைத்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் சேர்ந்து விதவிதமாக விளக்கு வைத்துப் பார்த்தார். எந்தக் கோணத்தில், எந்த வெளிச்சத்தில் அந்த முகம் எடுபடும் என்று முன்பே தெரிந்துகொண்டார். பல்கலைக்கழகம் கற்றுத்தருவது இந்த மாதிரி வேலையைத்தான். தமிழுக்கும் கதைக்கும் அவர் உள்ளூர்க்காரர்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

டாண்டன் படித்த அதே பல்கலைக்கழகத்தில் இன்று ஓராண்டுக் கட்டணமே 50 லட்சம் ரூபாயைத் தாண்டும். தங்கும் செலவு தனி. கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். செலவு குறைந்த வழிகளும் உண்டு. செக் குடியரசின் அரசுப் பல்கலைக்கழகங்களில் செக் மொழியில் படித்தால் வெளிநாட்டவருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. பிராகாவின் புகழ்பெற்ற ஃபாமு திரைப்படப் பள்ளியும் அப்படித்தான். ஆனால் மொழியை முதலில் கற்றாக வேண்டும். நம் சென்னை தரமணியிலேயே அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. டங்கன் படத்தில் அறிமுகமான எம்.ஜி.ஆரின் பெயரில்!

எங்கே விண்ணப்பித்தாலும், மார்க்கைவிட முக்கியமாகப் பெரும்பாலும் கேட்கப்படுவது மாணவர் எடுத்த குறும்படமும், எழுதிய கதையும். செல்போன் போதும். கதைக்கும் அலைய வேண்டாம். உத்திரமேரூர் கோயில் சுவரில் 1,100 ஆண்டுகளாக ஒரு கதை இருக்கிறது: ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட, ஒன்றும் அறியாத சிறுவன் கையை விட்டு எடுக்கிறான். கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது; அவர் சொந்தக்காரர் பெயரும்தான்.

பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப் போகும் முன், பிள்ளை பத்து நிமிடப் படம் ஒன்று எடுத்துக் காட்டட்டும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.