சிந்தசைசருக்கு உயிர் உண்டா?



ஒரகடம் பக்கம் இன்பிளான்ட் டிரெயினிங் போய் வந்தவர்களிடம் 'யமஹா' என்று சொன்னால் என்ன ஞாபகம் வரும்? வல்லம் வடகால் சிப்காட்டில் இருக்கும் பைக் தொழிற்சாலைதான்! ஆனால் அந்தக் கம்பெனியின் சின்னத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூன்று இசைக்கவைகள்! ஃபிசிக்ஸ் லேபில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதோரம் வைத்துப் பார்த்தோமே, அதே இசைக்கவைதான். யமஹா முதலில் ஆர்கன் செய்த கம்பெனி. பைக் கம்பெனி 1955-இல்தான் அதிலிருந்து தனியாகப் பிரிந்தது. இசைக்கருவிக் கம்பெனி 1983-இல் கொண்டுவந்த டி.எக்ஸ்.7 என்ற சிந்தசைசரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நம் வீட்டுக் கதை.

போன ஆண்டு விழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகை. வாடகைக்கு எடுத்த பெரிய கீபோர்டு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நம் வகுப்பு நண்பன் ஒருவன், செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பும் சின்ன யு.எஸ்.பி. கீபோர்டுமாக வந்து நின்றான். "டேய், லேப்டாப்ல வாசிக்கிறதெல்லாம் ஒரு மியூசிக்காடா? அதுல உயிரே இருக்காதுடா!" என்று சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டோம். அதில் முதல் குரல் என்னுடையது. அதனால்தான் இந்தக் கட்டுரையை நானே எழுத வேண்டியிருக்கிறது.

உயிர், உயிர் என்கிறோமே, அது எங்கே இருக்கிறது?

1970-இல் வந்த மினிமூக் போன்ற அனலாக் சிந்தசைசரை எடுத்துக்கொள்வோம். ஒலியை உண்டாக்க அதற்குள் எந்தக் கணக்கும் ஓடவில்லை. டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கெபாசிட்டர், அவ்வளவுதான். ஒரு வோல்ட் ஏற்றினால் ஒரு ஸ்தாயி ஏறும். இதற்கு டிரான்சிஸ்டரின் எக்ஸ்போனென்ஷியல் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தக் குணமோ வெப்பத்தைப் பொறுத்தது! நம் அறை வெப்பம் சுமார் 300 கெல்வின். ஒரு டிகிரி மாறினால் முந்நூற்றில் ஒரு பங்கு பிசகும். ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட் என்று வைத்தால், டிகிரிக்கு 4 சென்ட் சுருதி விலகல். இதைச் சரிக்கட்டத் தனி ரெசிஸ்டர் போடுவார்கள். ஆனாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். இரண்டு ஆசிலேட்டர்கள் 440, 441 ஹெர்ட்ஸ் என்று ஒரு மயிரிழை விலகி நின்றால் என்ன ஆகும்? விநாடிக்கு ஒரு விம்மல்! அந்த மெல்லிய அசைவைத்தான் நம் காது 'வெதுவெதுப்பு' என்கிறது, 'உயிர்' என்கிறது.

வேடிக்கையைப் பாருங்கள். லைனில் நாம் வெர்னியர் பிடித்து நிற்கும்போது டாலரன்ஸைத் தாண்டிய பாகம் ரிஜெக்ட் பெட்டிக்குப் போகிறது. இங்கே அதே பிசகுக்குக் கைதட்டல்!

சரி, டி.எக்ஸ்.7-க்கு வருவோம். அதில் இந்த வெப்பச் சமாசாரமே கிடையாது. அது முழுக்க டிஜிட்டல். ஒரு குரலுக்கு ஆறு ஆசிலேட்டர். அவை ஒன்றையொன்று அசைத்து ஒலியை உண்டாக்கும். ஒரே நேரத்தில் 16 குரல். ஆக, அந்தப் பெட்டிக்குள் ஓடியதும் கணக்குதான்! அதே கணக்கை இன்று டெக்ஸெட் என்ற இலவச சாஃப்ட்வேர் நம் லேப்டாப்பில் போடுகிறது. அப்படியென்றால் 'ஹார்டுவேர் சத்தம்' என்று எதைச் சொல்கிறோம்? பழைய பெட்டியின் 12 பிட் மாற்றி தந்த லேசான கரகரப்பையா? அதையும் கணக்காக எழுதிவிட முடியும் அல்லவா?

நம் தமிழ் சினிமாவையே பாருங்கள். 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். 1992-இல் 'ரோஜா'வில் ஏ.ஆர்.ரஹ்மானின் சிந்தசைசர் ஒலிகள் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தன. 'மிஷின் மியூசிக்' என்ற பேச்சு அப்போதும் இருந்தது. அன்றைய மிஷின் இன்று உயிருள்ளதாகிவிட்டது. இன்றைய லேப்டாப் மிஷினாகிவிட்டது!

சாஃப்ட்வேரில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. விநாடிக்கு 44,100 சாம்பிள் எடுத்தால் 22,050 ஹெர்ட்ஸ்தான் எல்லை. சரியாக எழுதப்படாத புரோகிராமில் 25,000 ஹெர்ட்ஸ் ஒலி பிறந்தால், அது மடங்கி 19,100 ஹெர்ட்ஸாக வந்து நிற்கும். சுருதியோடு சேராத இந்த ஒலிகள்தான் உச்ச ஸ்தாயியில் காதைக் குத்துகின்றன. தாமதம் இன்னொரு தொல்லை. பஃபர் 1024 சாம்பிள் என்றால் விரல் பட்டு 23 மில்லி விநாடி கழித்துத்தான் சத்தம். மேடையில் லேப்டாப் ஹேங் ஆனால் கதை கந்தல்! அதற்கு ஹார்டுவேர் பெட்டிதான் தெம்பு. இதை மறுப்பதற்கில்லை.

அந்த ஒத்திகை அன்று மாலை நண்பன் ஒரு காரியம் செய்தான். ஒரே எலக்ட்ரிக் பியானோ ஒலியைக் கீபோர்டிலும் லேப்டாப்பிலும் பதிவு செய்து, சத்த அளவைச் சமமாக்கி, "திரும்பி உக்காந்து கேளுடா" என்றான். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். "உயிர் இருக்கறது இதுலதான்டா!" என்று நான் அடித்துச் சொன்னது லேப்டாப்பை! அவன் சிரிக்கவில்லை. பஃபரை 256-க்கு இறக்கி, தாமதத்தை 6 மில்லி விநாடிக்குக் கொண்டுவந்து, "இப்ப வாசிச்சுப் பாரு" என்று நகர்ந்து இடம் கொடுத்தான். அந்த ஆண்டு விழாவில் அவன் மேடை ஏறவில்லை. அந்தக் குறுகுறுப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே நண்பர்களே, என் தாழ்மையான கருத்து இதுதான். பிசகுக்கும் கரகரப்புக்கும் நாம் வைத்த செல்லப் பெயர்தான் 'உயிர்'. அது பெட்டியில் இருந்தாலும் சரி, புரோகிராமில் இருந்தாலும் சரி, கேட்டுத் தேர்ந்தெடுப்போம். விலையைப் பார்த்தோ பளபளப்பைப் பார்த்தோ தீர்ப்பு எழுத வேண்டாம். கீபோர்டு வாங்க வசதியில்லாதவன் கையில் லேப்டாப் இருக்கிறது. அவனைக் கீழே உட்கார வைக்க நாம் யார்?

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு ஆர்க்கெஸ்ட்ரா தேர்வைத் திரைக்குப் பின்னால் வைத்து நடத்துங்கள். காது தீர்ப்புச் சொல்லட்டும்!

— மூன்றாமாண்டு மாணவன், இ.சி.இ. பிரிவு